வாரிசு செட்

ஜெராக்ஸ் கடைக்காரன் கண்ணாடியில் வைக்கும் தாளைப் படிக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, எனக்கே தெரியும். இருந்தும் இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தாளைக்கூட நான் படிக்காமல் விட்டதில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, விவாகரத்து நோட்டீஸ், பக்கத்துத் தெரு பல் டாக்டரின் வீட்டுப் பத்திரம் எல்லாம் படித்திருக்கிறேன். என் மனைவி நாகலக்ஷ்மி இதை வியாதி என்பாள். இருக்கட்டும். மனுஷன் எப்படியெல்லாம் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வதில் எனக்குத் தீராத ஆசை.

கடை பம்மலிலிருந்து அனகாபுத்தூர் போகும் வழியில் ஒரு கிளைத் தெருவில் இருக்கிறது. எதிரே போலீஸ் ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் தாள் ஈரம் குடித்து மிஷினுக்குள் சுருண்டுகொள்ளும் என்பதால் தாள் அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட் பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். வருகிறவர்கள் என்ன வேலைக்குக் காப்பி எடுக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. தாள்கள் வரும் வரிசையிலேயே தெரிந்துவிடும். அட்மிஷன் செட் ஒரு மாதிரி, பட்டா செட் ஒரு மாதிரி, வாரிசு செட் ஒரு மாதிரி. வீட்டில் ஒருவர் இறந்து போனால் வாரிசுச் சான்றிதழுக்காகக் கொண்டு வருவதுதான் வாரிசு செட். ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலே இறப்புச் சான்றிதழ். மூன்று மூன்று காப்பி.

கடைக்கு மேல் மாடியில் எங்களிடம் குடியிருப்பவர் ஜீவரத்தினம். எதிர் ஸ்டேஷனில் கிரேடு ஒன் போலீஸ்காரர். முப்பத்தெட்டு வயது, அனகாபுத்தூர்க்காரர். பதின்மூன்று வருட சர்வீஸ், இன்னும் இரண்டு வருடத்தில் ஏட்டு ஆக வேண்டியவர். மனைவி கெசியா திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். லேத்திலிருந்து வரும் இரும்பு பீஸ்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அளவு சரியா, பிசிறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது படிக்கும் சினேகா ஒரே பெண். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சிலிருந்து வந்து வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு வைத்தால் நாகலக்ஷ்மி ஜன்னலைச் சாத்துவாள், நான் திறப்பேன். சாப்பிட மாட்டேன், ஆனால் இன்றைக்குப் புளி கூடவா குறைச்சலா என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன்.

ஸ்டேஷனில் ஜீவரத்தினத்தின் வேலை 174. தூக்கு, விஷம், அடையாற்றில் மிதந்தது என்று எந்தச் சாவு வந்தாலும் போய்ப் பார்த்து, பிரேத விசாரணைத் தாள் எழுதி, உடலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற வேலை. சட்டம் மாறி அதன் நம்பர் 194 ஆகிவிட்டது, ஆனால் ஸ்டேஷனில் இன்னும் 174 என்றுதான் சொல்கிறார்கள். ஒரு தடவை முகம் சுளிக்காமல் செய்தவனிடமே அந்த வேலை ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. ஜீவா வாடை தாங்குவான் என்று பெயர் வாங்கி எட்டு வருடம் ஆயிற்று. போலீஸ்காரர் வேலையாக ஸ்டேஷனை விட்டு வெளியே போனால் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும், அதை அவர்கள் பாஸ்போர்ட் என்பார்கள். அவருடைய பாஸ்போர்ட்டில் போகும் இடம் என்ற கட்டத்தில் அநேகமாக ஒரே இடம்தான் இருக்கும்: அரசு மருத்துவமனை, பிணவறை.

அந்தத் தாள்கள் எல்லாம் என் மிஷினில்தான் காப்பியாகும், நானும் விடாமல் படிப்பேன். கடைசி வரி அநேகமாக ஒன்றேதான். 'வாழ்க்கையில் விரக்தியடைந்து' என்று தொடங்கும். ஒரு தடவை, எல்லோருக்கும் எப்படி சார் ஒரே காரணம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஆளுக்கு ஒரு கதை கிடக்கிறது என்றும், அதை எழுத ஃபாரத்தில் இடம் இல்லை என்றும் சொல்லி, ஆனால் அந்தக் கதைகளை எனக்குச் சொன்னார். அப்போதெல்லாம் நிறையப் பேசுவார். மூன்று சர்க்கரை போட்ட டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் டீ ஆடை கட்டிவிடும்.

புரட்டாசியில் ஒரு நாள் கொண்டு வந்த தாளில் இறந்தவர் பெயருக்கு முன்னால் காவலர் என்று இருந்தது. ஜீவரத்தினத்தோடு ஒரே பேட்சில் டிரெயினிங் முடித்தவர். வேறு ஸ்டேஷன்காரர், வீடு மட்டும் இந்த எல்லைக்குள். அந்த உடலுக்கும் ஜீவரத்தினத்தைத்தான் அனுப்பினார்கள். கடைசி வரியும் அதே வரிதான், அவருடைய கையெழுத்தில். அன்றிலிருந்து பேச்சு நின்று போனது. டீ வாங்கினால் குடிக்காமல் வைத்துவிட்டுப் போவார். படுத்தால் தூங்குவதில்லை, பிள்ளை கூப்பிட்டால் காது கேட்பதில்லை என்று கெசியா நாகலக்ஷ்மியிடம் சொல்லி அழுதாளாம்.

அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. நாற்பது காப்பி வேண்டும் என்று ஸ்டேஷன் ரைட்டர் அரிகிருஷ்ணன் கொண்டு வந்தார். டூட்டி போடுவது, தாள் எழுதுவது எல்லாம் அவர்தான். நான் வழக்கம்போலப் படித்தேன். காவலர் மனநலம் பற்றிய அறிவிப்பு. உடன் பணிபுரிபவரிடம் மாற்றம் தெரிந்தால் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, அவரைத் தனியாக விடாதீர்கள், ஆயுதம் அருகில் இருக்க வேண்டாம் என்று இருந்தது. கீழே 14416 என்று ஒரு போன் நம்பர். நேரடியாகக் கேட்கலாம் என்பது எனக்குப் புதுசாக இருந்ததால் இரண்டாவது தடவையும் படித்தேன். ஸ்டேஷன் சுவரில் அதை ஒட்டினார்கள். பத்து நாளில் அதன் மேல் தீபாவளி பந்தோபஸ்து சார்ட் ஏறிவிட்டது.

அரிகிருஷ்ணன் நல்ல மனுஷர். ஜீவா ரொம்ப வாடிட்டான் சார், இனிமே பாடி பக்கமே அனுப்பறதில்ல, பாரா போடப் போறேன் என்று தீபாவளி முடிந்ததும் என்னிடம் சொன்னார். பாரா என்றால் என்ன என்று கேட்டேன். ஸ்டேஷன் வாசலில் காவலுக்கு நிற்கிற வேலை, அலைச்சல் கிடையாது, நிழலில் இருக்கலாம், ஒருத்தன் களைத்துப் போனால் நாங்கள் அதைத்தான் கொடுப்போம் என்றார். தினமும் கடையிலிருந்தே பார்க்கிறேனே, வாசலில் நிற்பவர் கையில் துப்பாக்கி இருப்பதை. அறிவிப்பை இரண்டு தடவை படித்தவன் நான். அந்த நான் சொன்னது என்ன தெரியுமா, நல்ல காரியம் பண்றேள் சார் என்று. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை விடியற்காலையிலிருந்தே மழை. பதினொரு மணிக்கு ஜீவரத்தினம் கடைக்கு வந்தார். நன்றாகச் சவரம் செய்து, முகம் தெளிந்து, கையில் டீயோடு. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன்.

"இன்னா சாமி, ஈரத்துல மிஷினு பேஜார் பண்ணுதா?"

இல்லை என்றேன். ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டி, எல்லாத்திலும் மும்மூணு போடு என்றார். ரேஷன் கார்டை வைத்தேன். மூன்று ஆதார். சர்ச்சில் கொடுத்த கல்யாணச் சான்றிதழ். சினேகாவின் பிறப்புச் சான்றிதழ். சர்வீஸ் புத்தகத்தில் வாரிசுதாரர் பெயர் எழுதிய பக்கம். அதை வைக்கும்போது என் கை நின்றது. இந்த வரிசையை நான் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். மேலே இருக்க வேண்டிய ஒரு தாள் மட்டும்தான் இல்லை.

"எதுக்கு சார் இத்தனை?" என்றேன்.

"சும்மாதான். ஒரே எடத்துல இருந்தா கெசியா தேடிகினு இருக்க வாணாம் பாரு. ரெண்டு மணிக்கு எனக்கு பாரா." கவரை வாங்கி மடித்துக்கொண்டு, "நீதான் எல்லாத்தையும் படிப்பியே. இத்த மட்டும் படிக்காத சாமி," என்றார்.

சரி என்று தலையாட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மரியாதைக்காரனாக இருந்தேன். அவர் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து காபியோடு வந்த நாகலக்ஷ்மி, ஏன் பேயறைந்த மாதிரி நிற்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"கேட்டேளா?" என்றாள்.

"கேட்டேன். சும்மான்னார்."

"அப்புறம்?"

"அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?"

"இருபத்தெட்டு வருஷமா ஊர் விஷயத்தைக் கேக்காதீங்கோ, கேக்காதீங்கோன்னு தொண்டை வத்தக் கத்தியிருக்கேன். ஒரு நாள் அடங்கினதில்லை. இன்னிக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு உங்களுக்கு?"

என்னைக் கெசியாவிடம் போகச் சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போனாள். அவளிடம் இத்தனை சாமர்த்தியம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சிலிண்டர் தீர்ந்துவிட்டது, மாற்றித் தர வேண்டும் என்று ஜீவரத்தினத்தைக் கீழே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். போன வாரம்தான் மாட்டிய சிலிண்டர் அது. அது முடிந்ததும் பரணிலிருந்து கொலுப்படி இறக்க வேண்டும் என்றாள். நவராத்திரி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் டியூப் லைட் எரியவில்லை என்றாள். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்துகொண்டிருந்தாராம்.

திருமுடிவாக்கம் கம்பெனிகளில் வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே போனேன். அனகாபுத்தூர் தாண்டினதும் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. லாரிகள் என் மேல் சேற்றை வாரி அடித்தன. எஸ்டேட்டுக்குள் மூன்று தெரு தப்பி நான்காவதில் அவளுடைய கம்பெனியைக் கண்டுபிடித்தேன். வாட்ச்மேன் உள்ளே போய்ச் சொல்ல, நீலக் கோட்டும் எண்ணெய்க் கையுமாகக் கெசியா வந்தாள். ஷெட்டின் கீழே நின்று சுருக்கமாகச் சொன்னேன். அந்த அறிவிப்பில் இருந்ததையும் சொன்னேன். பாரா என்று நான் சொன்னதுமே அவள் புரிந்துகொண்டாள். சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லாமல் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

பாதி வழியில் மழைச் சத்தத்துக்கு மேலே என் காதருகில் சொன்னாள்.

"நேத்து சிரிச்சாரு சார். புள்ளய தோள் மேல தூக்கி வெச்சிகினு பாட்டு பாடனாரு. நல்லாயிட்டாருன்னு நானு முட்டி போட்டு ஸ்தோத்திரம் பண்ணிகினு இருந்தேன்."

ஸ்கூட்டரை முறுக்கினேன்.

நாங்கள் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஜீவரத்தினம் எங்கள் கூடத்தில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, ஒழுங்காக எரிகிற டியூப் லைட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கெசியா சொட்டச் சொட்ட நனைந்து வந்து அவர் எதிரே நின்றாள்.

"எறங்கு."

இறங்கினார். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"நேரா கேக்கறேன், நேரா சொல்லு. சாவணும்னு இருக்குதா உனக்கு?"

ஜீவரத்தினம் கெசியாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"படிச்சிட்டியா சாமி?"

"படிச்சுட்டேன்."

அவர் கோபப்படுவார், சிரித்து மழுப்புவார் என்று நான் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. மூட்டையை இறக்கிய ஆள் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இருக்குது," என்றார். "எல்லாருக்கும் கடேசில அந்த வரிய நான்தான எழுதறேன். விரக்தியடைந்துன்னு. முன்ன எல்லாம் எழுத சொல்ல ஒண்ணும் தோணாது. இப்ப எத பாத்தாலும் அந்த வரிதான் வந்து நிக்குது கெசியா. பல்லு வெளக்க சொல்ல வருது. புள்ளைக்கு ஷூ மாட்ட சொல்ல வருது. நேத்து பாரான்னு சொன்னாங்க பாரு, அப்பறம்தான் மனசு லேசாச்சி. ஆவட்டும், முடிஞ்சி போவட்டும்னு."

"ஒரு நாளைக்கி ஆயிரம் பீஸ் பாக்கறேன்," என்றாள் கெசியா. "முடி அளவு தேஞ்சி இருந்தாலும் கையி கண்டுபுடிச்சிடும். வூட்ல கீற உன்ன பாக்கலியே நானு." அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவளுடைய ஈரத் தலையில் கை வைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பாராவுக்கு நேரமாகிறது, போகாவிட்டால் மெமோ கொடுப்பார்கள் என்றார். செத்துப் போகத் துணிந்த மனுஷனுக்கு மெமோவுக்குப் பயம் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பதின்மூன்று வருடப் பழக்கம் அது. அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு அப்போது நம்பிக்கை வந்தது. குடையை எடுத்துக்கொண்டு எதிரே போய் அரிகிருஷ்ணனை அழைத்து வந்தேன். வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நடுத் தெருவில் மழையில் நின்றுவிட்டார்.

"பாவம் பாத்துதான் சார் போட்டேன். கையில இன்னா குடுக்கறேன்னு யோசிக்கலியே நானு."

உள்ளே வந்து ஜீவரத்தினத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பாராவுக்கு வேற ஆள் போட்டாச்சு மச்சான், நீ இப்ப டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கேதான் ஜீவரத்தினம் முரண்டு பிடித்தார்.

"மெண்டல்னு ஃபைல்ல ஏறிச்சினா ஏட்டு ஆவ முடியாது மச்சான். ஸ்டேஷன்ல ஒரு பய மதிக்க மாட்டான்."

"போற வேலை 'மருத்துவப் பரிசோதனை'ன்னு போடறேன். இன்னா நோவுன்னு கேக்க பாஸ்போர்ட்டுல கட்டம் கெடையாது. கால் ஒடிஞ்சா போவ மாட்டியா? அய்யா கிட்ட நான் பேசிக்கறேன்."

இன்ஸ்பெக்டரிடம் போய்ப் பேசினார். கூட யார் போகிறார்கள் என்று மட்டும் அவர் கேட்டாராம். பாஸ்போர்ட்டை என் கடை கவுண்ட்டரில் வைத்துத்தான் எழுதினார் அரிகிருஷ்ணன். போகும் இடம் அரசு மருத்துவமனை என்று எழுதியதும், எட்டு வருடப் பழக்கத்தில் அவருடைய பேனா 'பி' என்று ஆரம்பித்துவிட்டது. சட்டென்று நிறுத்தி, அந்த எழுத்தை அடித்துவிட்டுப் புறநோயாளிகள் பிரிவு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

ஆட்டோவில் ஜீவரத்தினம் நடுவில், இரண்டு பக்கமும் நானும் கெசியாவும். அரிகிருஷ்ணன் பைக்கில் பின்னால் வந்தார். ஆஸ்பத்திரி நெருங்கியதும் ஜீவரத்தினம் டிரைவரிடம், பின்கேட்டுக்கு விடுப்பா என்றார். சொன்ன பிறகுதான், அது பிணவறைக்குப் போகும் வாசல் என்று அவருக்கே உறைத்தது. கெசியா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முன்னால நிறுத்துங்க அண்ணா என்றாள். முன்வாசலில் இறங்கி, ஜனங்கள் குடையும் குழந்தையுமாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டு வருசமா இந்த ஆஸ்பத்திரிக்கி வரேன் சாமி. இந்தப் பக்கம் சீட்டு எங்க குடுப்பாங்கன்னு தெரியாது எனக்கு," என்றார்.

நான் விசாரித்துக்கொண்டு வந்தேன். விசாரிப்பதுதான் எனக்குக் கைவந்த கலை ஆயிற்றே. ஓ.பி. நேரம் முடிந்திருந்தது. ஆனாலும் டூட்டி டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் மனநல டாக்டரை வரவழைத்தார்கள். சின்ன வயசுப் பெண். ஜீவரத்தினத்தோடு கெசியாவை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றரை மணி நேரம். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்று அவரை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். மருந்தில் வாய் உலர்ந்து போகிறது என்றார், கை கொஞ்சம் நடுங்கியது. ஒரு மாதம் மெடிக்கல் லீவ். அதற்கப்புறமும் டாக்டர் சொல்லும் வரை பாராவும் கிடையாது, 174-உம் கிடையாது, மனு வாங்குகிற மேஜையில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. ஸ்டேஷனில் ஒன்றிரண்டு பேர் கிண்டல் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருவர் மட்டும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மாடிக்கு வந்து, அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போனாராம். பந்தோபஸ்து சார்ட்டை அரிகிருஷ்ணன் கிழித்துவிட்டார். அதற்கடியில் இருந்த அறிவிப்பும் கூடவே கிழிந்து வந்துவிட்டதால் என்னிடம் புதுசாக ஒன்று கேட்டு வாங்கிப் போய் ஒட்டினார். நான் ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தேன் என்பதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த வாரிசு செட்டைக் கெசியா என்ன செய்தாள் என்று கேட்டேன். கேட்காமல் இருப்பேனா. எல்லாத் தாளும் சரியாக இருக்கிறதே என்று சினேகாவின் ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு செட்டைக் கொடுத்துவிட்டாளாம். மற்ற இரண்டின் பின்பக்கத்தில் பிள்ளை படம் வரைந்துகொண்டிருந்தது.

கார்த்திகை பிறந்து வெயில் கொஞ்சம் தலைகாட்டிய ஒரு காலையில் ஜீவரத்தினம் கடைக்கு வந்தார். டீயில் எத்தனை சர்க்கரை என்று பார்த்தேன், தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். கண்ணாடியில் வைத்து மூடியை இறக்குவதற்குள் படித்துவிட்டேன்.

"படிச்சிட்டியா சாமி?"

"படிச்சுட்டேன்."

"இன்னா போட்ருக்கு?"

"அடுத்த வியாழன் காலை ஒன்பது மணிக்குத் திரும்ப வரவும்னு."

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கொண்டு வந்த தாள்கள் எத்தனையோ. எதிலும் அடுத்த தேதி போட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும், சீட்டைக் கையில் வாங்கி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு போடு. ஒண்ணு ஸ்டேஷனுக்கு, ஒண்ணு கெசியாவுக்கு. அவ தெனமும் கேக்கறா."

இரண்டு போட்டுக் கொடுத்தேன். அவர் மாடி ஏறின பிறகு, மூன்றாவதாக வந்த காப்பியை எடுத்து மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். வியாழக்கிழமை எட்டரை மணிக்கு நானும் கேட்க வேண்டும்.